வாக்குத்தத்த அட்டைக்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள்

சிங்கப்பூரில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மனநல ஆலோசனை வழங்கி வருகிறேன். அண்மையில் என்னிடம் வந்த ஒரு சகோதரி, மனச்சோர்வுக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிட்டு, பல இரவுகள் உறக்கமின்றி, கை நடுங்க உட்கார்ந்திருந்தார். கணவருக்கு ஆட்குறைப்பில் வேலை போயிருந்தது. புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையை, அதாவது அந்த ஆண்டுக்கென்று வேதவசனம் அச்சிட்ட அட்டையை, கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்: எரேமியா 29:11. நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைத் தரும்படி உங்களைக் குறித்துச் சமாதானத்துக்கேதுவான நினைவுகளையே நினைத்திருக்கிறேன் என்று கர்த்தர் சொல்லும் வசனம். கைப்பேசி உறைக்குள் வைத்து வைத்து அதன் ஓரங்கள் மழுங்கிப்போயிருந்தன. “மாத்திரை போட்டால் இந்த வசனத்தை நான் நம்பவில்லை என்று ஆகிவிடாதா?” என்று கேட்டார். அடையாளம் தெரியாதிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை மாற்றவில்லை. அதே கேள்வியைப் பலர் வாயிலிருந்தும் கேட்டு மனம் வெதும்பியே இதை எழுதுகிறேன்.

டிசம்பர் 31 இரவு அட்டை எடுக்கும் வழக்கத்தை நான் குறைகூறவில்லை. ஆண்டு முடிவதற்குள் நாம் கேட்டது கிடைத்துவிடும் என்பதற்கான உத்தரவாதமாக அந்த வசனத்தைப் பிடித்துக்கொள்வதுதான் ஆபத்து. தயவுசெய்து எரேமியா 29ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டுபோன ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தின அதிகாரத்தில், இரண்டு வருடங்களுக்குள் எல்லாரும் திரும்பிவருவார்கள் என்று அனனியா என்னும் தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று அறிவிக்கிறான். ஜனங்கள் கேட்க ஏங்கியதும் அதுதான், பொய்யாய்ப் போனதும் அதுதான். எரேமியாவோ 10ஆம் வசனத்தில் எழுபது வருடம் என்கிறார். அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலே கண்ணை மூடியிருப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் 11ஆம் வசனம் கொடுக்கப்பட்டது. எழுபது வருடம் காத்திருப்பவர்கள் நாளைக்குக் காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதே கடிதம் 5 முதல் 7 வரையிலான வசனங்களில் சொல்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். இந்த வசனங்கள் நமது அட்டைகளில் அச்சாவதில்லை. தேவன்மேல் வைக்கும் நம்பிக்கை இப்படிப்பட்ட அன்றாட வேலைகளின் வழியாகவே வேர்பிடிக்கிறது என்பதைப் பல குடும்பங்களில் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனச்சோர்வு மாத்திரைகளை ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. குறைப்பதா, நிறுத்துவதா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவருடனான அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க முடியாவிட்டால் தொலைபேசியிலாவது பேசுங்கள். “போதும் கர்த்தாவே” என்று சூரைச்செடியின் கீழ் விழுந்து கிடந்த எலியா தீர்க்கதரிசியைத் தேவன் முதலில் தூங்கவிட்டார், அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். கேள்வி கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். உறக்கத்தையும் உணவையும் மருந்தையும் ஒழுங்குபடுத்துவதும் தேவபக்திதான்.

அன்றாடப் பழக்கம் எதில் தொடங்க வேண்டும் என்று கேட்பவர்களிடம், காலையில் கைப்பேசியைத் தொடுவதற்கு முன் ஒரு சங்கீதத்தை முழுமையாக, வாய்விட்டு வாசியுங்கள் என்று சொல்கிறேன். நாளுக்கு ஒன்றாக வாசித்தால் 150 சங்கீதங்களும் ஐந்து மாதங்களில் முடிந்துவிடும். பிடித்த வரிகளை மட்டும் பொறுக்காதீர்கள். 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் தாவீது “எதுவரைக்கும்” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். 88ஆம் சங்கீதமோ கடைசி வரியிலும் இருளிலேயே நிற்கிறது. இப்படி முறையிடுவதற்கு வேதத்திலேயே இடமிருக்க, ஞாயிறு காலையில் “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டால் “கர்த்தர் நன்றாக வைத்திருக்கிறார்” என்று கண்ணீரை விழுங்கிக்கொண்டு சொல்லும்படி நம்மவர்களை யார் பழக்கினார்கள்? தேவனிடம் அழாதவர் தேவனை நம்பி அழாமலிருக்கிறார் என்று எண்ணாதீர்கள். பலர் ஜெபிப்பதையே நிறுத்திவிட்ட பிறகுதான் என்னிடம் வந்து சேருகிறார்கள். வேதத்திலுள்ள புலம்பல் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் நம்பிக்கையின் சொல் 21ஆம் வசனத்தில் வருகிறது. அதற்கு முன் இரண்டு முழு அதிகாரங்கள் அழுகைதான்.

இரவில் படுக்கும்முன் அன்றைய நாளில் நடந்த ஒரு காரியத்தைக் குறிப்பாகச் சொல்லி நன்றி கூறுங்கள். “எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்” என்று பொதுவாகச் சொல்வதைக் காட்டிலும், “அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா இன்று கஞ்சி கொண்டுவந்து தந்தார், ஸ்தோத்திரம்” என்று சொல்வது மனத்தில் தங்கும். மனமில்லாத வாரத்திலும் திருவிருந்துக்குப் போங்கள். உங்களால் பாட முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பாடட்டும். இங்கே தங்குவிடுதிகளிலிருந்து ஞாயிறு மாலை ஆராதனைக்கு வரும் வெளிநாட்டு ஊழியர்கள், ஊரிலுள்ள மனைவி பிள்ளைகளோடு இரவில் கைப்பேசி வழியாகக் குடும்ப ஜெபம் செய்வதைப் பார்க்கிறேன். பத்து நிமிடமும் ஆவதில்லை. அதைத் தவறாமல் செய்கிறார்கள்.

குடும்பத்தாருக்கும் மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சோர்ந்துபோனவரிடம் “விசுவாசக் குறைவு” என்று சொல்லாதீர்கள். பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உடன் உட்கார்ந்திருந்தவரை நன்றாகவே செய்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் காயப்படுத்தினார்கள். ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால் வசனம் சொல்லி வாயை அடைக்காதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள். உடனடி ஆபத்து என்றால் சிங்கப்பூரின் அவசர மருத்துவ உதவி எண் 995ஐ அழையுங்கள். எந்நேரமும் பேச, தற்கொலைத் தடுப்புக்கு உதவும் எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767 எண் உண்டு. மற்ற மனநல உதவிகளுக்கு 1771.

போதகர்களே, வரும் டிசம்பரில் அட்டை அச்சிடும்போது வசனத்தின் பின்புறம் அந்த அதிகாரம் முழுவதையும் வாசிக்கும்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஜனவரியின் முதல் ஞாயிற்றுக்கிழமையிலேயே அதைச் சபையாரோடு சேர்ந்து வாசித்துவிடுங்கள்.