மதிப்பீட்டுத் தாளும் அளவுப் புத்தகமும்

அல்சூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாழ்ந்து, பிறகு பெங்களூருக்கு வெளியே ஒரு நகரசபை எல்லையில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு போன அக்கா ஒருவர், சென்ற மழைக்காலத்தில் ஒரு திருமண வீட்டில் என்னைப் பார்த்ததும், “தம்பி, எங்க தெருவுல போன வருஷம்தான் கால்வாய் கட்டி மூடி போட்டாங்க. அதுக்குள்ள நாலு மூடி உடைஞ்சு கிடக்கு. புதுசா டெண்டர் விட்டாத்தான் மாத்துவோம்னு சொல்றாங்களே, நெஜமா?” என்று கேட்டார். பதில் சொல்வதற்கு முன், அந்த வேலை எந்தத் தேதியில் முடிந்தது என்று நான் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பிறகு விசாரித்துப் பார்த்ததில், அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கட்டடப் பொறியாளனாகிய நான், பெங்களூரைச் சுற்றியுள்ள சிறு நகராட்சிகளின் பணிகளை வெளியாள் என்ற முறையில் சோதித்துத் தரச்சான்று கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். நம் மக்கள் டெண்டர் என்றவுடன் உறையைப் பிரிக்கும் நாளை மட்டுமே நினைக்கிறார்கள். ஊழல் நடந்தால் அங்கேதான் நடக்கும் என்றும் நம்புகிறார்கள். என் அனுபவத்தில் பொதுப்பணம் பெரும்பாலும் அந்த நாளுக்கு முன்பு, என்ன வேலை எவ்வளவு ஆகும் என்று கணக்கிடும் மதிப்பீட்டுத் தாளிலும், அந்த நாளுக்குப் பின்பு, முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்திலும்தான் கரைகிறது.

உறை பிரிக்கும் கட்டத்துக்குச் சட்டத்தின் காவல் ஓரளவு உண்டு. தமிழ்நாடு 1998இலும் கர்நாடகம் 1999இலும் ஒப்பந்தப்புள்ளிகளின் வெளிப்படைத்தன்மைக்கென்றே தனிச் சட்டங்களை இயற்றின. இந்தியா முழுமைக்கும் இப்படியொரு கொள்முதல் சட்டம் வேண்டும் என்று 2012இல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது. கர்நாடகச் சட்டத்தின்படி அறிவிப்பு வெளியிடப்பட வேண்டும், ஒப்பந்தப்புள்ளி கொடுக்கப் போதிய அவகாசம் தர வேண்டும், தோற்றவர் மேல்முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும். இவையெல்லாம் இன்று இணையவழியே நடப்பதால், உறையை மாற்றி வைக்கும் பழைய தந்திரங்களுக்கு இடம் குறைந்துவிட்டது. ஆனால் எந்த வேலைக்கு டெண்டர் விடுவது, அதில் என்னென்ன வேலை இனங்கள் எத்தனை அளவில் வரும் என்று முடிவு செய்யும் தாளை எழுதுவது நகரசபையின் பொறியியல் பிரிவே. சிறு நகரசபைகளில் அந்தப் பிரிவு என்பது ஒரு செயற்பொறியாளரும் இரண்டு மூன்று இளநிலைப் பொறியாளர்களும்தான். மதிப்பீடு தயாரிப்பவர், வேலையை மேற்பார்வையிடுபவர், முடிந்ததை அளப்பவர், ஒப்பந்ததாரரின் பட்டியல் (பில்) தொகைக்குப் பரிந்துரைப்பவர் ஆகிய எல்லாம் ஒரே ஆளாக இருப்பதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அவர் நேர்மையானவராக இருந்தாலும், அவர் செய்த பிழையைப் பிடிக்க இன்னொரு கண் அங்கே இல்லை.

மதிப்பீட்டில் பிழையோ சூழ்ச்சியோ எப்படி நுழைகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு கால்வாய்க்குச் சாதாரண மண் 200 கன மீட்டரும் பாறை 20 கன மீட்டரும் தோண்ட வேண்டும் என்று மதிப்பீடு சொல்கிறது. முதல் ஒப்பந்ததாரர் ஒரு கன மீட்டர் மண்ணுக்கு 200 ரூபாய், பாறைக்கு 2,500 ரூபாய், கான்கிரீட் வேலை முழுவதற்கும் 9 லட்சம் என்று விலை கொடுக்கிறார், மொத்தம் 9,90,000. இரண்டாமவர் மண்ணுக்கு 300, பாறைக்கு 1,000, கான்கிரீட்டுக்கு 9,30,000 என்று கொடுக்கிறார்; மொத்தம் 10,10,000. குறைந்த விலை என்ற முறையில் முதலாமவருக்கே வேலை போகிறது, அதில் சட்டப்படி எந்தக் குற்றமும் இல்லை. தோண்டிய பிறகு பாறை 150 கன மீட்டர், மண் 70 கன மீட்டர் என்று அளவுப் புத்தகத்தில் ஏறுகிறது. இப்போது முதலாமவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை 12,89,000. இரண்டாமவர் இதே வேலையை 11,01,000 ரூபாய்க்கு முடித்திருப்பார். பாறை உண்மையிலேயே இருந்தது என்றாலும் இந்த இழப்பு நிகழ்ந்திருக்கும். பாறை கூடும் என்பது முதலாமவருக்கு மட்டும் முன்பே தெரிந்திருந்தது என்றால், அல்லது செம்மண்ணையே பாறை என்று எழுதினார்கள் என்றால், அது வெறும் இழப்பு அல்ல.

இதற்கு மருந்து கடினமானதன்று. மதிப்பீடு எழுதுவதற்கு முன் கால்வாய்த் தடத்தில் நாலைந்து இடங்களில் சோதனைக் குழி எடுத்துப் பார்த்தால் போதும். ஒரு நாள் வேலை. ஓர் இனத்தின் அளவு 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் அதன் விலையை மறுபடி நிர்ணயிக்க வேண்டும் என்ற விதி பல ஒப்பந்தப் படிவங்களில் அச்சிலேயே இருக்கிறது. அதை எடுத்துக்காட்டிக் கேட்பவர் இல்லாததால் அது தூங்குகிறது. பெங்களூரில் ரெசிடென்சி சாலை, விட்டல் மல்லையா சாலை போன்றவற்றை டெண்டர்ஷ்யூர் முறையில் திரும்பக் கட்டியபோது, குழாய், கம்பி, வடிகால் என்று தரைக்கடியில் வருபவற்றையெல்லாம் முன்கூட்டியே வரைந்து, தரக்குறிப்பையும் விரிவாக எழுதிவிட்டுத்தான் வேலையை ஒப்படைத்தார்கள். அந்தச் சாலைகளுக்கான செலவு அதிகம் என்ற விமர்சனம் உண்டு. அதைச் சிறு ஊர்கள் அப்படியே பின்பற்றவும் முடியாது. முதலில் தாளை ஒழுங்காக எழுதும் பழக்கத்துக்கு மட்டும் பெரிய செலவு கிடையாது.

ஒரே சாலையை மூன்று துண்டாக்கி ஒவ்வொன்றையும் டெண்டர் கட்டாயமாகும் தொகை வரம்புக்குக் கீழே கொண்டுவருவதும், ஊரில் ஒருவரிடம் மட்டுமே இருக்கும் இயந்திரத்தைத் தகுதி நிபந்தனையாக வைப்பதும் எல்லோரும் அறிந்தவை. அதிகம் அறியப்படாதது கர்நாடக டெண்டர் சட்டத்தின் 4ஆம் பிரிவில் உள்ள விலக்கு: அரசு அறிவிக்கை வெளியிட்டுக் குறிப்பிட்ட பணியை டெண்டர் இல்லாமலே கொடுக்கலாம். வெள்ளக் காலத்துக்கு அது தேவை. சாதாரண நடைபாதைக்கு அதைப் பயன்படுத்தும்போது காரணம் கேட்க வேண்டும்.

வேலை நடக்கும்போது எழுதப்படும் அளவுப் புத்தகத்தை, எம்.பி. புக் என்று பொறியாளர்கள் சொல்வதை, நான் பணத்தின் பிறப்புச் சான்றிதழாகவே பார்க்கிறேன். நீளம், அகலம், ஆழம் என்று அதில் ஏறாத வேலைக்குப் பணம் இல்லை. அதில் ஏறிவிட்டால், மண்ணுக்கடியில் இருக்கிறதோ இல்லையோ, பணம் உண்டு. தார்ச்சாலையில் மேலடுக்கு 40 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும். நாங்கள் உருளை வடிவில் துளையிட்டு எடுத்துப் பார்த்தால் சில இடங்களில் 28, 30 என்று வரும். பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்புதான். ஒரு மழைக்காலம் தாங்குமா என்பதை அந்த 10 மில்லிமீட்டரும், தார்க்கலவை சூடு ஆறுவதற்குள் உருளை ஓட்டினார்களா என்பதும் முடிவு செய்கின்றன. நிதியாண்டு முடியும் மார்ச்சுக்குள் செலவு காட்ட வேண்டும் என்று அவசரமாகத் தொடங்கும் வேலைகளில், மூடப்போகும் அடுக்கை மூடுவதற்கு முன் அளப்பதுதான் முதலில் விடுபடும். மூடிய பிறகு அளந்ததாக எழுதிய பக்கங்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் சில நகரசபைகள் மறுமுறை என்னை அழைக்கவில்லை.

கட்டுமானத்தைவிட எனக்கு அதிகம் மனவருத்தம் தருவது சேவை ஒப்பந்தங்கள். குப்பை அள்ளவும் சாக்கடை வாரவும் ஆள் கொடுக்கும் டெண்டரில், தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., முதலாளி கட்ட வேண்டிய 3.25 சதவீத இ.எஸ்.ஐ. ஆகியவை எல்லோருக்கும் ஒன்றே; போட்டி நடப்பது ஒப்பந்ததாரரின் சேவைக் கட்டணத்தில் மட்டுமே. அங்கே ஒருவர் பூஜ்யம் சதவீதம் என்றோ, அதற்கு மேலே ஒரு துளி என்றோ விலை கொடுத்து வெற்றி பெறுகிறார். மேற்பார்வையாளரின் சம்பளமும் வங்கி உத்தரவாதத்தின் செலவும் அவருக்கு எங்கிருந்து வரும்? பதிவேட்டில் 60 பேர் இருக்க, தெருவில் 45 பேர் பெருக்குவதிலிருந்து வரும், கட்டப்படாத பி.எஃப். தொகையிலிருந்து வரும். ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே, இங்கே நகரசபையே, கொடுக்க வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே விதித்தது. பி.எஃப். கட்டிய ரசீதைப் பெயர்வாரியாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்த மாதப் பட்டியலுக்குப் பணம் தருவேன் என்று ஒரு நகரசபை ஆணையர் கண்டிப்பாக இருந்ததைப் பார்த்தேன்; அந்த ஆண்டு அங்கே பூஜ்யம் விலை கொடுக்க ஒருவரும் வரவில்லை.

ஒப்பந்ததாரர்களை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமாகாது. முடித்த வேலைக்கு ஆண்டுக்கணக்கில் பணம் தராத நகரசபையில், கையில் மூலதனம் குறைந்த நேர்மையான ஒப்பந்ததாரர் இரண்டாம் முறை விலை கொடுக்க மாட்டார். காத்திருக்கும் வட்டியையும், கோப்பை நகர்த்தும் செலவையும் முன்பே விலையில் ஏற்றத் தெரிந்தவர்தான் எஞ்சுவார். உரிய காலத்தில் பணம் கொடுப்பதை நான் ஊழல் தடுப்பு நடவடிக்கையாகவே கருதுகிறேன்.

இதையெல்லாம் கேட்க வேண்டிய மன்ற உறுப்பினர் எல்லா இடங்களிலும் இருப்பதில்லை. பெங்களூரு மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தபோதும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இல்லை. ஆகவே குடியிருப்பவர்களே தாளைப் படிக்க வேண்டியிருக்கிறது. நம்மவர்களில் பலருக்குக் கன்னடம் பேசத் தெரிந்த அளவு படிக்கத் தெரியாது என்பதால் சில சொற்களைச் சொல்லி வைக்கிறேன்: காமகாரி என்றால் பணி, அந்தாஜு பட்டி என்றால் மதிப்பீடு, குத்திகெதார என்றால் ஒப்பந்ததாரர், அளத்தெ புஸ்தக என்றால் அளவுப் புத்தகம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 2(ஜெ) பிரிவு, ஆவணங்களின் நகலோடு பணியை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. கர்நாடகத்தில் கட்டணம் 10 ரூபாய். விண்ணப்பம் ஒரே விஷயத்தைப் பற்றி, 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். அதனால் நீண்ட புகாராக எழுதாமல், பணியின் பெயர், மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்கள், பணி முடிந்த தேதி, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (குறை தெரிந்தால் ஒப்பந்ததாரரே தன் செலவில் சரிசெய்து தர வேண்டிய காலம்) என்று மட்டும் கேளுங்கள்.

அக்காவின் தெருவுக்காக அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். பதில் வந்தபோது, பொறுப்புக் காலம் முடிய இன்னும் 4 மாதம் இருந்தது. ஒப்பந்ததாரரின் பிணைத்தொகை நகரசபையிடமே இருந்தது. அதே மூடிகளை மாற்றப் புதிய மதிப்பீடு ஒன்றும் தயாராகிக் கொண்டிருந்தது. தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு, பொறுப்புக் காலப் பிரிவைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்தார்கள். புதிய மதிப்பீடு கைவிடப்பட்டது. பழைய ஒப்பந்ததாரர் தன் செலவில் மூடிகளை மாற்ற வந்த அன்று, கால்வாய் நெடுகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். ஓசை மாறிய இன்னும் மூன்றைச் சேர்த்து ஏழு மூடிகள் மாற்றப்பட்டன.