எலிமினேஷன், மேஜர் ப்ராடக்ட்: தமிழ்ல எப்படி சொல்றது?

வேதியியல்ல வர்ற எலிமினேஷன் ரியாக்ஷனுக்கு நம்ம பாடப்புத்தகத்துல இருக்குற பேரு நீக்க வினை, இலங்கைல ரியாக்ஷன்னா தாக்கம், அதனால அங்க நீக்கல் தாக்கம். மூலம் லத்தீன், லீமென்னா வாசப்படி, எலிமினாரேன்னா வாசப்படிக்கு வெளிய தள்றது. நீக்கம்ங்கற சொல் இதுக்கு கச்சிதமாவே பொருந்துது, அடுத்தடுத்த ரெண்டு கார்பன்ல ஒண்ணுலேர்ந்து ஹைட்ரஜனும் இன்னொண்ணுலேர்ந்து புரோமின் மாதிரி ஒரு வெளியேறும் தொகுதியும் கழண்டு போய் நடுவுல இரட்டைப் பிணைப்பு வந்துடும்.

குழப்பம் மேஜர் ப்ராடக்ட்லதான், அதாவது வர்ற விளைபொருள்கள்ல அதிகமா கிடைக்கிறது. முதன்மை விளைபொருள்னு எழுதுறோம், படிக்கிற பசங்க அது ஒண்ணுதான் கிடைக்கும்போலன்னு எடுத்துக்குறாங்க. என்னைக் கேட்டா பெரும்பங்கு விளைபொருள்னு சொல்லலாம். 2-புரோமோபியூட்டேனை ஆல்கஹால்ல கரைச்ச பொட்டாசியம் ஹைட்ராக்சைடோட சூடாக்குனா 2-பியூட்டீன் சுமார் 80 சதவீதம், 1-பியூட்டீன் சுமார் 20, ரெண்டும் சேர்ந்துதான் வருது.

எது பெரும்பங்குன்னு 1875-ல விதி சொன்னவர் ரஷ்யாவுல கசான் பல்கலைக்கழகத்துல இருந்த அலெக்சாண்டர் செயிட்செஃப். வெளியேறும் தொகுதி இருக்குற கார்பனுக்குப் பக்கத்து கார்பன்கள்ல ஹைட்ரஜன் கம்மியா இருக்குறதுலேர்ந்துதான் ஹைட்ரஜன் பெரும்பாலும் போகும் (இல்லாதவன்கிட்டயே பிடுங்குற கதை), ஏன்னா இரட்டைப் பிணைப்புல ஆல்கைல் தொகுதி (மெத்தில் மாதிரி கார்பன்-ஹைட்ரஜன் கிளை) கூட கூட ஆல்கீனோட (இரட்டைப் பிணைப்பு உள்ள ஹைட்ரோகார்பனோட) நிலைப்புத்தன்மையும் கூடும்.

ஆனா ஹைட்ரஜனைப் பிடுங்குற காரம் (பேஸ், மேல சொன்ன பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மாதிரி) எதுன்னு பாக்காம இந்த விதியைப் போட்டா மார்க் போயிடும். 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேன்ல சோடியம் எத்தாக்சைடு போட்டா 2-மெத்தில்-2-பியூட்டீன் சுமார் 70 சதவீதம், அதுக்கு பதிலா பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடு போட்டா அப்படியே தலைகீழ், 2-மெத்தில்-1-பியூட்டீன்தான் 70 சதவீதத்துக்கு மேல, ஏன்னா அவ்ளோ பருமனான காரத்தால நெரிசலுக்குள்ள இருக்குற ஹைட்ரஜனை எட்ட முடியாது, ஓரத்து மெத்தில்ல ஈஸியா கிடைக்கிறதை எடுத்துக்கும். இதுக்குப் பேரு ஹாஃப்மன் விளைபொருள். செயிட்செஃப் விதி வர்றதுக்கு முன்னாடியே, 1851-ல, ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன் நான்கிணைய அம்மோனியம் ஹைட்ராக்சைடை (நைட்ரஜன்ல நாலு கார்பன் தொகுதி இணைஞ்ச சேர்மம்) சூடாக்கி ஆல்கீன் எடுத்துட்டாரு, அதுலயும் ஆல்கைல் கம்மியா உள்ள ஆல்கீன்தான் அதிகம் வரும்.

வளையச் சேர்மம்னா இன்னொரு நிபந்தனையும் உண்டு, வலுவான காரம் போடும்போது போற ஹைட்ரஜனும் வெளியேறும் தொகுதியும் எதிரெதிர் திசைல நிக்கணும். மெந்தைல் குளோரைடுங்கற, குளோரின் வெளியேறுற வளையச் சேர்மத்துல அப்படி நிக்கிற ஹைட்ரஜன் ஒண்ணே ஒண்ணுதான், அதனால சோடியம் எத்தாக்சைடு போட்டா 2-மெந்தீன் மட்டும்தான் வரும், அங்க பெரும்பங்கு சிறுபங்குங்கற பேச்சுக்கே இடமில்ல.