"அறுபதுதான் சார், மெதுவாத்தான் வந்தேன்"

மாசி, பங்குனியில் எங்கள் எலும்பு முறிவு வார்டில் இரண்டு வகை ஆட்கள் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருப்பார்கள். ஒருவர் சாயல்குடிப் பக்கத்துப் பனையேறி. பதநீருக்குக் கலயம் கட்ட ஏறி, காலில் மாட்டும் தளைநார் அறுந்தோ கால் வழுக்கியோ விழுந்தவர். இன்னொருவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் போன இளைஞர். ஒரு வருடம் இப்படி இருவர் ஒரே நாளில் வந்தார்கள். இருவருக்கும் தொடை எலும்பு முறிவு. ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.

பனையேறியின் மனைவி, "அம்பதடி மரம் டாக்டரய்யா, உசுரு பொழச்சதே பெருசு" என்று அழுதார். பக்கத்துக் கட்டில் பையனிடம் எவ்வளவு வேகத்தில் வந்தாய் என்று கேட்டேன். "அறுபதுதான் சார், மெதுவாத்தான் வந்தேன்." பார்க்க வந்த சொந்தங்கள் பனையேறியிடம் போய்த் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பையனைப் பார்த்து, "வேகமாக்கூட வரலையாம், கெட்ட நேரம்" என்றார்கள்.

அன்று ராத்திரி டியூட்டி அறையில் ஒரு கணக்குப் போட்டேன். 50 அடி என்றால் சுமார் 15 மீட்டர். அங்கிருந்து விழுபவர் தரையைத் தொடும்போது அவருடைய வேகம் மணிக்கு ஏறத்தாழ 62 கிலோமீட்டர். அதாவது பனையேறியும் பையனும் ஒரே வேகத்தில்தான் அடிபட்டிருக்கிறார்கள். ஒருவர் மேலிருந்து கீழே வந்தார், மற்றவர் சாலையோடு வந்தார், வித்தியாசம் அவ்வளவுதான். இயக்க ஆற்றலுக்குத் திசை கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். அது என்னவோ பரீட்சைக்கான வரி என்று நினைத்து அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. உங்கள் வேகத்தை 3.6-ஆல் வகுத்தால் ஒரு வினாடிக்கு எத்தனை மீட்டர் போகிறீர்கள் என்று வரும். 60-க்கு 16.7. அதை அதே எண்ணால் பெருக்கி, 20-ஆல் வகுங்கள் (புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 10, அதன் இரண்டு மடங்கு). 14 வரும். மணிக்கு 60 கிலோமீட்டரில் சுவரில் மோதுவது, 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 40-க்கு இதையே போட்டால் 6 மீட்டர்தான், இரண்டு மாடி. 80-க்கு 25 மீட்டர். இதில் கவனிக்க வேண்டியது, 40 என்பது 80 ஆனபோது வேகம் இரண்டு மடங்குதான் ஆனது, உயரமோ நாலு மடங்காகிவிட்டது. இயக்க ஆற்றலின் சூத்திரத்தில் வேகத்தின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன 2 செய்யும் வேலை இது. 25 மீட்டர் பனையில் ஏறச் சொன்னால் பழகிய பனையேறியே ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு யோசிப்பார். 80-இல் போகும் பையனுக்கு அந்த யோசனை வராது. பயம் கண்ணில் தெரியும் உயரத்துக்கு வருகிறது, மீட்டரில் நகரும் முள்ளுக்கு வருவதில்லை.

இன்னொரு வினாடியும் இருக்கிறது. தேவிபட்டினம் பக்கம் சாலையில் ஆடு குறுக்கே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி ஆகும். 60-இல் வந்தால் அதற்குள் 17 மீட்டர் போய்விட்டது, வேகம் துளியும் குறையவில்லை. அப்புறம்தான் பிரேக். நல்ல தார்ச்சாலையில் இன்னும் 20 மீட்டர் ஓடி நிற்கும். தனுஷ்கோடி சாலைக்கு வந்தால் கதை வேறு. காற்று மணலை வாரித் தாரின் மேல் போட்டிருக்கும். உராய்வு பாதியானால் அந்த 20 மீட்டர் 40 ஆகும். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அந்த மணல் அழகாகத் தெரிகிறது, படம் எடுக்கிறார்கள். எங்களுக்கு அது டயருக்கு அடியில் உருளும் குண்டுமணிகள்.

"எல்லோரும் சுவரிலேயே மோதுகிறார்களா டாக்டர்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எதிலும் இடிக்காமல் சாலையில் சறுக்கிக்கொண்டே போய் நின்றால், தோல் உரியும், ஆள் பிழைத்துக்கொள்வார். அதே ஆற்றல்தான், ஆனால் 20, 30 மீட்டர் தூரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது. எதிரே நிற்கும் மீன் லாரியில் மோதினால் அது மொத்தமும் அரை அடிக்குள் செலவாக வேண்டும். நிற்கக் கிடைக்கும் தூரம் குறையக் குறைய விசை கூடும். என் தொழிலில் பாதி இந்த ஒரு வாக்கியத்தின் விளைவுதான்.

ஹெல்மெட் செய்வதும் இதைத்தான். அது தலையைக் காக்கும் இரும்புக் கவசம் என்று பலர் நினைத்து, கனமானதாகப் பார்த்து வாங்குகிறார்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அந்த வெள்ளைப் பஞ்சுதான் விஷயமே. நின்ற இடத்திலேயே பைக்கோடு சாய்ந்து, ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையில் படுகிறது என்று வையுங்கள். வெறும் தலை என்றால் தோலும் எலும்பும் விட்டுக்கொடுப்பது சில மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் என்று கொண்டால், 1500-ஐ 3-ஆல் வகுக்க 500. தலையின் எடையைப் போல 500 மடங்கு விசை. தலை 5 கிலோ என்றால் 2500 கிலோ. பஞ்சு 25 மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் அதுவே 300 கிலோ ஆகிறது. (விசையை நியூட்டனில்தான் சொல்ல வேண்டும், தெரியும். கிலோ என்று சொன்னால்தான் ஊரில் எடை தெரிகிறது.) அதனால்தான் ஒரு தரம் அடி வாங்கிய ஹெல்மெட்டைத் தூக்கிப் போடச் சொல்கிறோம். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே பஞ்சு நசுங்கித் தன் வேலையை முடித்துவிட்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள், வாரை மாட்டுங்கள். வார் மாட்டாத ஹெல்மெட் நமக்கு முன்னால் கழன்று போய் விழும்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை முடிந்து விடிகாலையில் திரும்பும் வேன்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன் இருக்கையில் தாயின் மடியில் குழந்தை. "கெட்டியாப் பிடிச்சிருந்தேன் சார்" என்று சொல்லாத தாயை நான் பார்த்ததில்லை. மணிக்கு 50-இல் வந்த வேன் பத்தில் ஒரு பங்கு வினாடியில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 140 கிலோ தூக்கும் பலம் வேண்டும், அதுவும் எதிர்பாராத ஒரு நொடியில். எந்தத் தாய்க்கும் இல்லை, பயில்வானுக்கும் இல்லை. அவர் விட்டுவிட்டார் என்று வீட்டில் யாராவது பேசினால் தயவுசெய்து இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பின் இருக்கை, பெல்ட், குழந்தைக்கான தனி இருக்கை, வேறு வழி கிடையாது.

பாம்பனில் இன்னொரு வேடிக்கை. 2022 வரை ரயில் ஓடிய பழைய பாலத்தில் அப்போதெல்லாம் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மண்டபத்தில் ரயில் காத்து நிற்பதைப் பார்த்தே வளர்ந்தோம். அதே நேரத்தில், பக்கத்திலேயே ஓடும் சாலைப் பாலத்தில் பைக்கை ஓரங்கட்டி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து செல்பி எடுப்பார்கள். அந்த வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் மேல் சுமார் 16 கிலோ தள்ளும். இரண்டு பேர் உட்கார்ந்த பைக்கின் பக்கவாட்டுப் பரப்பு ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். சீராகத் தள்ளினால்கூடச் சமாளித்துவிடலாம். பஸ் ஒன்று கடக்கும்போது காற்று ஒரு கணம் மறைந்து, திரும்பவும் அடிக்கும்போதுதான் வண்டி தடுமாறுகிறது.

துறைமுகத்திலிருந்து வருபவர்களில் பாதிப் பேருக்கு இடுப்பு வலி. ஐஸ் பெட்டியைக் கை நீட்டிக் குனிந்து தூக்குகிறார்கள். 20 கிலோவை உடம்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், முதுகெலும்புக்கு 5 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும் தசை 160 கிலோவுக்கு இழுக்க வேண்டும். மேலுடம்பின் பாரம் தனி. முழங்காலை மடக்கி, பெட்டியை வயிற்றோடு அணைத்துத் தூக்குங்கள் என்று சொல்லி அனுப்புவேன். தலையாட்டிவிட்டுப் போவார்கள், அடுத்த சீசனில் வருவார்கள்.

இடுப்பு வலி காத்திருக்கும், கயிறு காத்திருக்காது. விசைப்படகில் வலை பாறையில் மாட்டி, வின்ச் என்னும் இழுவை எந்திரம் இழுத்துக்கொண்டே இருக்கும்போது கயிறு விறைத்து நிற்கிறதே, அப்போது அது வெறும் கயிறு இல்லை, நாணேற்றிய வில். ஒரு டன் இழுவையில் தன் நீளத்தைவிட ஒரு மீட்டர் கூடுதலாக நீண்டுவிட்ட நைலான் கயிற்றில் தேங்கியிருக்கும் ஆற்றல், 70 கிலோ ஆள் 7 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றலுக்குச் சமம். அறுந்தால் அவ்வளவும் நுனியில் வந்து அடிக்கும். கம்பி வடம் அதிகம் நீளாது, நைலான் நன்றாக நீளும். ஆகவே மெத்தென்று இருக்கும் நைலான்தான் இந்த விஷயத்தில் மோசம். விறைத்த கயிற்றின் நேர்க்கோட்டில் நிற்காதீர்கள், தாண்டாதீர்கள். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் தூளான ஒரு டிரைவர் என்னிடம், "கயிறு வந்ததையே பார்க்கல சார், சத்தம்தான் கேட்டுச்சு" என்றார்.

தனுஷ்கோடிக் கோடியில் இருக்கும் அரிச்சல்முனையில் கடலில் இறங்குபவர்கள் பொதுவாக என் வார்டுக்கு வருவதில்லை. ஊரில் ஆண் கடல், பெண் கடல் என்று சொல்லும் இரண்டு கடல்கள் சேரும் இடம், நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாது. நீரின் அடர்த்தி காற்றைப் போல 800 மடங்குக்கும் மேல். நாம் மெதுவாக நடக்கும் வேகத்தில், வினாடிக்கு ஒரு மீட்டர், தண்ணீர் ஓடினால் அது உடம்பைத் தள்ளும் தள்ளு, மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றின் தள்ளுக்குச் சமம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த ரயிலைப் புயல் காற்று புரட்டிவிடவில்லை, காற்றோடு எழுந்து வந்த கடல்தான் வாரிக்கொண்டு போனது. "இடுப்பளவு தண்ணிதானே" என்பவருக்குச் சொல்ல என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது.

சரி, இவ்வளவு கணக்கும் எதற்கு என்றால், அடிபட்டவரைக் கொண்டுவரும்போது நீங்கள் சொல்லும் எண்ணை வைத்துத்தான் நாங்கள் எங்கே தேடுவது என்று முடிவு செய்கிறோம். எத்தனை அடி உயரம், எவ்வளவு வேகம், எதில் மோதினார், ஹெல்மெட் இருந்ததா. 6 மீட்டருக்கு மேலிருந்து விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் வயிற்றையும் கழுத்தையும் முதுகெலும்பையும் பார்க்காமல் விடமாட்டோம். பைக்கில் வந்தவர் விஷயத்தில்தான் ஏமாறுகிறோம். போலீஸ் கேஸ், இன்சூரன்ஸ், அப்பாவின் கோபம் என்று ஏதோ ஒன்றுக்குப் பயந்து எண்ணைக் குறைத்துச் சொல்கிறார்கள்.

அந்தப் பையனுக்குத் தொடையில் கம்பி கட்டி இழுவை போட்டிருந்தோம். நாடித்துடிப்பு கொஞ்சம் அதிகமாக இருந்தது, வலியால் என்று நினைத்தோம். நான் டியூட்டி அறையில் 60-க்குக் கணக்குப் போட்டு வியந்துகொண்டிருந்தபோது, அவனோடு பின்னால் உட்கார்ந்து வந்த நண்பன் கதவருகே வந்து நின்றான். முழங்கையில் கட்டு. "சார், வீட்ல சொல்லிறாதீங்க. எண்பதுக்கு மேல போச்சு."

14 மீட்டர் 25 ஆகிவிட்டது. உடனே வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தோம். மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் தேங்கிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் அறுவை சிகிச்சை முடிந்தது. பையன் இப்போது நன்றாக நடக்கிறான். வீட்டில் நான் இன்னும் சொல்லவில்லை.