எண்ணற்ற பெயரா, எண் ஏற்காப் பெயரா?

திருகோணமலையில் பிள்ளைகளின் ஆங்கில ரியூசன் கொப்பியைப் புரட்டினால், அன்கவுன்டபிள் நவுன், அதாவது வோட்டர், சுகர் போல ஒன்று இரண்டு என்ற எண்ணோடு சேராத பெயர், என்பதற்கு நேரே “எண்ணற்ற பெயர்ச்சொல்” என்று எழுதியிருக்கிறது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இது பிழை. சின்னப் பிழைதானே என்று விடவும் முடியாது, மெனி எங்கே வரும், மச் எங்கே வரும் என்று பிள்ளைகள் குழம்புவதற்கு இந்த ஒரு சொல்லே போதும்.

முதலில் குவான்டிஃபையர், அதாவது மெனி, மச் போலப் பெயருக்கு முன்னால் நின்று எத்தனை, எவ்வளவு என்று காட்டும் சொல். லத்தீனில் குவான்டுஸ் என்றால் எவ்வளவு, எத்துணை. அதிலிருந்து குவான்டிட்டி வந்தது, அப்புறம் குவான்டிஃபை. குவான்டிஃபையர் என்ற பெயர் தர்க்கவியலிலிருந்து வந்தது: ஜெர்மனியரான ஃபிரேகே 1879இல் “எல்லாம்” என்பதற்கு ஒரு குறியீடு அமைத்தார், அமெரிக்கரான பேர்ஸ் 1880களில் அந்தப் பெயரைப் பயன்படுத்தினார். பிறகு இலக்கணக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். தமிழில் அளவுச்சொல் என்றால் போதும். அதை எண்ணடை என்பவர்களுக்கு ஒரு கேள்வி: மச் என்பதில் எண் எங்கே இருக்கிறது? அளவடை என்றும் சொல்லிப் பார்க்கலாம், ஆனால் அது காதில் அளபெடை என்று விழும், யாப்பில் அளவடி வேறு இருக்கிறது. தமிழ் வகுப்பில் ஏற்கெனவே அளபெடையோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு இது வேண்டாம்.

சரி, எண்ணற்ற என்பதற்கு வருவோம். தமிழில் எண்ணற்ற என்றால் எண்ணி முடியாத அளவுக்குப் பல. எண்ணற்ற விண்மீன்கள், எண்ணற்ற அடியார்கள், எண்ணற்ற துன்பங்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் பன்மைப் பெயர்தானே வருகிறது? எண்ணற்ற தண்ணீர் என்றோ எண்ணற்ற சீனி என்றோ யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஆக, ஒன்று இரண்டு என்று எண்ணக்கூடியவற்றோடு மட்டுமே சேரும் சொல்லை எடுத்து, எண்ணோடு சேராத பெயர்களுக்கு முத்திரையாகக் குத்தியிருக்கிறார்கள். பிள்ளை என்ன செய்யும்? விண்மீன் எண்ணற்றது, அப்படியானால் ஸ்டார் அன்கவுன்டபிள் என்று நினைத்து மச் ஸ்டார்ஸ் என்று எழுதும். பிழை பிள்ளையுடையதல்ல. “ஆங்கிலத்தில் எண்ணற்ற பெயர்ச்சொற்கள் உள்ளன” என்ற வரியைக் குறிப்பில் போட்டுக் கொடுத்தால், ஏராளமான பெயர்ச்சொற்கள் இருக்கின்றன என்றுதான் எந்தத் தமிழரும் படிப்பார்.

எண்ண முடியாத பெயர் என்று சிலர் திருத்துகிறார்கள். கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. காசை எண்ண முடியாதா? மீன் சந்தையில் விற்றவர் எச்சில் தொட்டுத் தொட்டு நோட்டு எண்ணுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம், காசைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான மணி எண்ண முடியாதது என்றால் எப்படி நம்பும்? எண்ண முடியுமா முடியாதா என்பது பொருளின் குணம். இங்கே பேச்சு சொல்லின் குணத்தைப் பற்றியது. நோட்டு என்ற சொல் எண்ணை ஏற்கிறது, மணி என்ற ஆங்கிலச் சொல் ஏற்பதில்லை, கையில் இருப்பதோ ஒரே சாமான். தளபாடமும் அப்படித்தான். நாம் தளபாடங்கள் என்கிறோம், ஆங்கிலம் ஃபர்னிச்சர் என்பதைப் பன்மையாக்க விடாது, நம் கடைப் பலகைகளோ ஃபர்னிச்சர்ஸ் என்று மின்னுகின்றன. தகவல்கள், ஆலோசனைகள் எல்லாம் தமிழில் தாராளமாகப் பன்மையாகும், இன்ஃபர்மேஷனும் அட்வைசும் ஆகா.

அதனால்தான் எண் ஏற்கும் பெயர், எண் ஏற்காப் பெயர் என்று சொல்லவேண்டும் என்கிறேன். பெயர் வேற்றுமை உருபை ஏற்கும் என்பது பள்ளியிலேயே படித்தது, அந்த ஏற்றல் இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. புதிதாக எதையும் வடிக்கத் தேவையில்லை. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவையை நான்காகப் பிரித்து, அவற்றுக்கு ஆகுபெயரும் வகுத்து வைத்த மொழி இது. எண்ணுவது வேறு, முகப்பது வேறு என்பதை ஆங்கில இலக்கணம் வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியில் அன் என்றால் அற்ற என்று பார்த்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள், பக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதிப் பார்ப்பதில்லை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

வகுப்பில் இதை விளக்குவதும் சுலபம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகாத பிள்ளை இங்கே குறைவு. அங்கே எத்தனை கிணறு? ஏழு. எவ்வளவு வெந்நீர்? இதற்கு ஏழு என்று யாரும் சொல்லமாட்டார்கள். எத்தனை கேட்கும் இடத்தில் மெனி, ஃபியூ, செவரல். எவ்வளவு கேட்கும் இடத்தில் மச், லிற்றில். பல, சில இரண்டும் எத்தனையின் பக்கம், பல வெந்நீர் என்று சொல்லமாட்டோம். கொஞ்சமும் கனக்கவும் இரண்டு பக்கமும் போகும், ஆங்கிலத்தில் சம், எனி, எ லொட் ஒஃப் போல. ஈச், எவ்ரி இரண்டும் எண் ஏற்கும் பெயரின் ஒருமையோடு மட்டும் வரும். தகவல், தளபாடம் போல இரண்டு மொழியும் ஒத்துப்போகாத சொற்களைத் தனியாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், அதற்குக் குறுக்குவழி இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்கும். முற்றத்தில் மேயும்போது சிக்கன் எண்ணை ஏற்கும், டூ சிக்கன்ஸ். கறியாகிவிட்டால் ஏற்காது, எ லிற்றில் சிக்கன். பேப்பரும் அப்படியே, செய்தித்தாள் என்றால் டூ பேப்பர்ஸ், எழுதும் தாள் என்றால் சம் பேப்பர். இந்த வாக்கியத்தில் இது எண்ணை ஏற்கவில்லை என்று ரீச்சர் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். எண்ணற்ற கோழி என்று சொல்லி இதை எப்படி விளக்குவது?