திட்டக் கூட்டத்தில் வைக்கிற கையெழுத்து

வன்னிக் கிராமங்களில் சமூகத் தாக்க ஆய்வு, அதாவது ஒரு திட்டம் வந்தால் ஊர்ச்சனத்துக்கு என்ன ஆகும் என்ற ஆய்வு, செய்கிற எங்கள் துறையில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது: வரவுத்தாளில் நாற்பது கையெழுத்து விழுந்தால் 'மக்களிடம் கேட்டாயிற்று' என்று எழுதிவிடுவார்கள். பொதுநோக்கு மண்டபத்தில் பணிசும் தேத்தண்ணியும் கொடுத்துக்கொண்டே ஒரு தாள் சுற்றிவரும், அதன் தலைப்பைப் பாருங்கள். சில நேரம் தலைப்பே இருக்காது. பெயர், அடையாள அட்டை இலக்கம், ஒப்பம், அவ்வளவுதான். பிறகு அதே தாள் அறிக்கையின் பின்னிணைப்பில் ஊரின் ஆதரவாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஒப்பத்துக்குப் பக்கத்திலேயே 'வரவு மட்டும்' என்று எழுதி, ஃபோனில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள்.

ஐ.நா.வின் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்துக்கு 2007இல் இலங்கையும் ஆதரவாக வாக்களித்தது. அவர்களுடைய காணியையோ வளத்தையோ தொடுகிற திட்டமென்றால், அனுமதி கொடுக்க முன்னரே பேசி, நெருக்குதல் இல்லாத, விபரம் தெரிந்த சம்மதத்தைப் பெற வேண்டும் என்கிறது அதன் 32ஆம் உறுப்புரை. ஆதிவாசிகளை நினைத்து எழுதிய நெறிதான், ஆனாலும் எந்த ஊருக்குப் போனாலும் நான் இதைத்தான் அளவாக வைத்துக்கொள்வேன், ஏனென்றால் எல்லைக்கல் நட்ட பிறகு கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்பது வெறும் மரியாதைக்கு.

வரைபடத்தை விரித்தால் விடாமல் கேள்வி கேளுங்கள். 'அரச காணி, பற்றைக்காடு' என்று நிறம் பூசிய இடம் உங்கள் மாடுகள் மேய்கிற தரவையாக இருக்கும், பாலைப்பழமும் விறகும் தேனும் அங்கேதான் எடுப்பீர்கள், அனுமதிப்பத்திரம் இல்லாததால் ஒருவர் பெயரும் பதிவில் இராது. கமக்காரர் அமைப்புத் தலைவரை மட்டும் கேட்டால் இது வெளியே வராது. விறகுக்குப் போகிற பெண்களைத் தனியாக இருத்திக் கேட்க வேண்டும், அதுவும் ஆண்கள் பின்வரிசையில் நின்று 'உனக்கென்ன தெரியும்' என்று சொல்லாத இடத்தில்.

சட்டப்படி, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும் திட்டமென்றால் அதைப் பார்த்து எழுத்தில் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு, தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவித்தல் வர வேண்டும். ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை என்கிற சுருக்கமான ஆய்வோடு முடிகிற திட்டங்களுக்கு அந்த 30 நாள் கிடையாது, பலர் ஏமாறுவது இங்கேதான். சரி, அப்படியென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அறிக்கையைக் கேளுங்கள். தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

கூட்டம் காலபோக வெட்டு நேரத்தில் வந்து விழுந்தால் திகதியை மாற்றச் சொல்லிப் பிரதேச செயலகத்தில் கடிதம் கொடுங்கள், உங்கள் பிரதியில் முத்திரை குத்தி வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.