ரிபட்டல்: தமிழில் மறுப்புரை

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் விவாதப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் ‘ரிபட்டல்’ தாராளமாகப் புழங்கும் சொல். ‘ரிபட்டலுக்கு ஒரு நிமிஷம் ஒதுக்கியிருக்கேன் சார்’ என்பார்கள். எதிரணி சொன்ன வாதத்தை எடுத்து, அது ஏன் நிற்காது என்று காட்டும் பகுதிக்கு அந்தப் பெயர். பழைய பிரெஞ்சில் ‘திருப்பித் தள்ளு’ என்ற பொருளில் இருந்த வினையிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. நீதிமன்றத்திலும், எதிர்த்தரப்புச் சாட்சியத்தை முறியடிக்கக் கொண்டுவரும் சாட்சியத்தை அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள்.

தமிழில் பதிலடி, எதிர்வாதம், மறுப்புரை என மூன்றும் புழக்கத்தில் உண்டு. பதிலடி பத்திரிகைத் தலைப்புக்குச் சரி, மேடைக்குச் சூடு அதிகம். எதிர்வாதமும் மறுப்புரையும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் போட்டியில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் இடத்தில்தான்.

‘குமரி விவசாயிக்கு நெல்லைவிட ரப்பரே லாபம்’ என்பது தலைப்பு என்று வைப்போம். ‘ஒருமுறை நட்டால் பல வருஷம் பால் வெட்டலாம்’ என்கிறது ஓர் அணி. ‘நெல் இல்லாவிட்டால் சோறு ஏது?’ என்று மற்ற அணி கேட்டால், கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது எதிர்வாதம். ரப்பர் கணக்கு அப்படியே அசையாமல் நிற்கிறது. ‘பல வருஷம் வெட்டலாம், சரி. ஆனால் முதல் வெட்டுக்கே ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டும். ஐம்பது சென்ட் நிலத்துக்காரர் அதுவரை எதை வைத்துச் சமாளிப்பார்? நெல் என்றால் கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு அறுப்பு உண்டு. அதோடு, இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது; மழை நாளில் வெட்டு நின்றுவிடும்’ என்று அவர்கள் வாதத்துக்குள்ளேயே புகுந்தால் அது மறுப்புரை. (‘வெட்டு நனையாமல் இருக்க மரத்துக்கு ரெயின் கார்டு என்ற மழை மறைப்பு கட்டலாமே’ என்று அவர்கள் திரும்ப வருவார்கள். அதற்கும் ஒன்று கையில் இருக்கட்டும்.)

நம் இலக்கணத்தில் இதற்குப் பழைய இடம் இருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் எழுவகை மதம், அதாவது நூலாசிரியர் கொள்ளும் ஏழு கொள்கை நிலைகள், சொல்லும்போது ‘மறுத்தல்’ என்பதைத் தனியாகவும், ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவு’ என்பதைத் தனியாகவும் வைக்கிறது. வெறுமனே இல்லை என்பது முதல் வகை. அடுத்தவர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு நீக்குவது இரண்டாவது. நல்ல ரிபட்டல் இதுதான். ‘அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு’ என்று குறள் சபையில் தரும் விடையை ‘மாற்றம்’ என்கிறது. அழகான சொல்தான், ஆனால் இன்று அதற்கு வேறு பொருள் ஏறிவிட்டது, மீட்பது கஷ்டம்.

மனப்பாடம் செய்த பேச்சில் மறுப்புரை வராது. தாளை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் எதிரணி சொல்வதையும் வலப்பக்கம் அதற்கான பதிலையும் குறித்துப் பழக வேண்டும். அப்புறம் ஒரு விதி: ‘வேர்ல்ட் ஸ்கூல்ஸ்’ எனும் உலகப் பள்ளிகள் விவாதப் போட்டி முறையில் கடைசியில் வரும் நான்கு நிமிடத் தொகுப்புரையில் புது வாதம் கூடாது. இடப்பக்கத்தில் பதில் எழுதப்படாமல் கிடக்கும் வரிகளை அதற்கு முன்பே தீர்த்துவிட வேண்டும்.

மதிப்பெண் தாளில் ‘மறுப்புரை’ என்றே கட்டம் போடலாம். பேச்சில் ‘மறுப்பு’ என்றாலே போதும்.