ரத்தக்குழாயின் உட்சுவரில் கரித்துகள் செய்யும் வேலை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் சாலையில் கல்லாறு தாண்டியதும் பழைய டீசல் வண்டிகள் திணற ஆரம்பித்துவிடும். ஏற்றம், பாரம், அடுத்தடுத்துக் கொண்டை ஊசி வளைவுகள். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இஞ்சினுக்குள் டீசல் பாய்கிறது. அதை முழுக்க எரிக்கும் அளவுக்குக் காற்று சேர்வதில்லை. எரியாமல் மிஞ்சிய கார்பன் கரும்புகையாக வெளியே வருகிறது. பின்னால் பைக்கில் வருபவர் இருமினால் நுரையீரலுக்குக் கெடுதல் என்று புரிந்துகொள்கிறோம். ஆனால் அந்தப் புகையால் அதிகம் அடிபடுவது ரத்தக்குழாய்தான், அங்கே வலியோ இருமலோ எதுவும் தெரியாது என்பதைப் பலரும் அறிவதில்லை.

முதலில் அந்தக் கரியைக் கிட்டத்தில் பார்ப்போம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அது பொடியாகத் தெரியாது. 20 முதல் 50 நானோமீட்டர் அளவுள்ள குட்டி உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சரம் சரமாகக் கிளைவிட்டிருக்கும். தலைமுடியின் குறுக்களவே சுமார் 80,000 நானோமீட்டர். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் கார்பன் அணுக்களின் அடுக்குகள் வெங்காயத் தோல்போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டிருக்கின்றன. விறகடுப்பில் ஏறி இறங்கிய பானையின் அடியை விரலால் தொட்டால் ஒட்டுவதும் இதே வகைக் கரிதான்.

இவ்வளவு சின்னதாக இருப்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கார்பன் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே கட்டியைப் 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். எடை கொஞ்சமும் கூடவில்லை. வேதிவினைகள் நடப்பதெல்லாம் மேற்பரப்பில்தான். போதாக்குறைக்கு இரும்பு போன்ற உலோகத் துணுக்குகளும் அரைகுறையாக எரிந்த எண்ணெய்ச் சேர்மங்களும் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொண்டு உடம்புக்குள் வருகின்றன.

இப்படி நானோமீட்டர் அளவில் இருக்கும் கார்பனை நானோகார்பன் என்கிறோம். அது இந்தக் காலத்துப் பொருள் மட்டுமல்ல. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதை 2020இல் வேலூர் விஐடி ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்தக் குயவர்களின் கையில் சூளை நெருப்பே தானாகச் செய்து கொடுத்தது அது. ஆய்வகங்களில், கார்பன் அணுக்கள் பந்துபோலச் சேர்ந்த ஃபுல்லரீன் 1985இலும், ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாளான கிராஃபீன் 2004இலும் வந்தன. நானோகுழாய் 1991இல் ஜப்பானின் சுமியோ இஜிமாவின் ஆய்வால் உலகப் புகழ் பெற்றது. இன்று பேட்டரி, பிளாஸ்டிக், மருந்து ஆராய்ச்சி என எங்கும் இவை புழங்குகின்றன.

சரி, ரத்தக்குழாய்க்கு வருவோம். அதன் உள்முகம் முழுக்க ஒரே ஒரு செல் தடிமனில் ஓர் உறை ஓடுகிறது. பெயர் எண்டோதீலியம். நெடுங்காலம் இதை வெறும் உறை என்றே நினைத்தார்கள். 1980இல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் தமனித் துண்டுகளை வைத்து ஒரு சோதனை செய்தார். அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் பட்டால் தமனி தளர வேண்டும். உட்படலத்தைத் தேய்த்து எடுத்துவிட்ட துண்டு தளரவில்லை. அப்படியானால் தளரச் சொல்லும் சேதி அந்தப் படலத்திலிருந்துதான் வருகிறது. அந்தச் சேதி நைட்ரிக் ஆக்சைடு என்ற எளிய வாயு என்று பின்னால் தெரிந்தது. இந்த ஆராய்ச்சிகளுக்காக 1998இல் அவருக்கும் இக்னாரோ, முராத் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

குன்னூர் மார்க்கெட்டிலிருந்து பெட்ஃபோர்டுக்கு ஒருவர் மூச்சு வாங்க ஏறுகிறார் என்று வையுங்கள். ரத்தம் வேகமாக ஓடி எண்டோதீலியச் செல்களை உரசுகிறது. உரசலை உணர்ந்த செல், ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகிறது. அது பக்கத்துத் தசைக்குள் ஊடுருவிக் குழாயை விரிக்கிறது. ரத்தத் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமலும் பார்த்துக்கொள்கிறது. அதன் ஆயுள் சில நொடிகளே. ஆகவே செல் இதை ஓயாமல் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

கரித்துகள் கை வைப்பது இங்கேதான். நுரையீரலின் ஆழத்தில் காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லாத அளவுக்கு மெல்லியது. மிகச் சிறிய துகள்களில் சில அதைக் கடந்துவிடுகின்றன. கடக்காதவையும் சும்மா இருப்பதில்லை. அவற்றை விழுங்கிய வெள்ளணுக்கள் வெளிவிடும் அழற்சி வேதிப்பொருட்கள் ரத்தத்தில் கலக்கின்றன. எந்த வழியில் வந்தாலும் எண்டோதீலியச் செல்லுக்குள் சூப்பராக்சைடு என்ற ஆக்சிஜன் வடிவம் பெருகுகிறது. சூப்பராக்சைடு நைட்ரிக் ஆக்சைடைக் கண்டால் விடாது. இரண்டும் சேர்ந்து பெராக்ஸிநைட்ரைட் ஆகின்றன. விரிக்கும் வாயு குறைகிறது, அதன் இடத்தில் செல்லை அரிக்கும் சேர்மம் உட்கார்ந்துகொள்கிறது. கொடுமை என்னவென்றால், நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதிக்கு வேண்டிய துணைப்பொருளையும் அது கெடுக்கிறது. அப்புறம் அந்த நொதியே சூப்பராக்சைடை உற்பத்தி செய்யத் தொடங்குகிறது. செல்லின் மேற்புறத்தில் ஒட்டுப் புரதங்கள் முளைக்கின்றன. ஓடிக்கொண்டிருந்த மோனோசைட் வெள்ளணுக்கள் அதில் சிக்கிச் சுவருக்குள் நுழைகின்றன. இது வருடக்கணக்கில் நீடித்தால் கொழுப்பு படிந்து தமனி தடிக்கும்.

மனிதர்களிடமே இதைச் சோதித்திருக்கிறார்கள். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நலமான 30 ஆண்கள் நீர்த்த டீசல் புகையை ஒரு மணி நேரம் சுவாசித்தார்கள். ரத்தக்குழாயை விரிக்கும் மருந்துகளைக் கையில் செலுத்தியபோது குழாய் வழக்கமான அளவுக்கு விரியவில்லை. 6 மணி நேரம் கழித்தும் அதே நிலை. பின்னொரு ஆய்வில் புகைக்குழாயில் துகள் வடிகட்டியைப் பொருத்தினார்கள். வாயுக்கள் வந்துகொண்டுதான் இருந்தன, துகள்கள் கிட்டத்தட்ட முழுக்க நின்றன, ரத்தக்குழாய் ஒழுங்காக விரிந்தது. குற்றவாளி துகள்தான் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை. 2020 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் அமலான பிஎஸ்-6 என்ற வண்டிப்புகைக் கட்டுப்பாட்டு விதியால் புதிய டீசல் வண்டிகளில் இந்த வடிகட்டி வந்துவிட்டது. மலைச் சாலைகளில் ஓடும் பழைய வண்டிகளைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்பேன். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் பள்ளங்களில் குளிர்ந்த காற்று கீழேயே தங்கிவிடும். விறகுப் புகையும் வண்டிப் புகையும் மேலே போக வழியில்லாமல் வீடுகளின் மட்டத்திலேயே சுற்றும்.

ஆய்வகத்தில் செய்யும் நானோகார்பனுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே வடிவமும் தூய்மையும் முக்கியம். நீண்ட, விறைப்பான நானோகுழாயை வெள்ளணுவால் முழுதாக விழுங்க முடியாது; பாதி விழுங்கித் தவிக்கும் செல் அழற்சியை மூட்டிவிடுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் இழையும் இதே முறையில்தான் கெடுக்கிறது. இத்தகைய ஒரு வகையைப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது என 2014இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியது. தயாரிப்பில் தங்கிவிடும் இரும்பும் நிக்கலும் சூப்பராக்சைடைக் கூட்டுகின்றன. அவற்றை நீக்கி, குழாயைக் குட்டையாக்கி, நீரில் கரையும் பூச்சு கொடுத்தால் செல்களுக்கு ஏற்படும் சேதம் கணிசமாகக் குறைகிறது. நம் வெள்ளணுக்களின் ஒரு நொதிக்கு ஒற்றைச்சுவர் நானோகுழாய்களைச் சிதைக்கும் திறனும் உண்டு.

2024இல் 14 தன்னார்வலர்கள் மெல்லிய, தூய கிராஃபீன் ஆக்சைடை 2 மணி நேரம் சுவாசித்தார்கள். ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, நுரையீரல் செயல்பாடு, அழற்சிக் குறிகள் எதுவும் மாறவில்லை. ஆனால் அவர்களின் ரத்தத்தை உடலுக்கு வெளியே, காயப்பட்ட தமனியின் மாதிரியில் ஓடவிட்டபோது உறைகட்டி உருவாவது லேசாகக் கூடியிருந்தது. இந்தச் சிறிய மாற்றத்தை ஒதுக்கிவிடக் கூடாது. தொழிற்சாலையில் வேலை செய்பவர் சுவாசிப்பது 2 மணி நேரம் அல்ல, பல வருடங்கள். இதயநோய் உள்ளவர்களும் அவர்களில் இருப்பார்கள். அடுத்த ஆய்வுகள் அவர்களை மனத்தில் வைத்துத்தான் நடக்க வேண்டும்.